வீட்டு கராஜில் கிட் கார் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட் கார் கட்ட ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நாலு வரி போதும். பிரேக், வயரிங் போன்றவற்றுக்குப் போதாது, அங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

கிட் கார் என்பது சரியாக என்ன?

சேசி (காரைத் தாங்கும் சட்டகம்), பாடி, சஸ்பென்ஷன் பாகங்கள், இன்னும் சில சில்லறைச் சாமான்கள் என்று ஒரு நிறுவனம் தனித்தனியாகப் பெட்டிகளில் அனுப்பும், பூட்டிக் காராக்குவது உங்கள் வேலை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் போன்றவற்றைப் பெரும்பாலும் ஒரு பழைய காரிலிருந்து எடுக்க வேண்டும். அந்தப் பழைய காருக்கு டோனர் கார் என்று பெயர். எல்லாப் பாகமும் புதிதாகவே வரும் கிட்டுகளும் உண்டு. விலை அதற்கேற்ப ஏறும்.

இந்தப் பழக்கம் பரவியதில் பிரிட்டனின் வரிச் சட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1957இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் எனும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் கிடையாது. ஆனால் பூட்டும் முறையைச் சொல்லும் கையேடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அதனால் "கழற்றும் முறை" என்று எழுதிக் கொடுத்தார்களாம், வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. 1973இல் அந்த வரிமுறை மாறியது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அந்தக் கார் இன்றும் கிட்டாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1964இல் புரூஸ் மேயர்ஸ் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் பாகங்களை ஃபைபர் பாடியோடு சேர்த்துக் கடற்கரை மணலில் ஓட்ட "பக்கி" எனும் திறந்த சிறு காரைச் செய்தார். அதைப் பார்த்துக் கிளம்பிய நகல்களுக்குக் கணக்கே இல்லை.

எனக்கு வெல்டிங் தெரியாது. என்னால் முடியுமா?

முடியும். நல்ல கிட்டில் சேசி வெல்டிங் முடிந்தே வரும். ஒன்றிரண்டு பிராக்கெட்டை வெட்டி ஒட்ட வேண்டி வந்தாலும் அதை ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

உண்மையில் வேண்டிய திறமை பொருத்திப் பார்ப்பது. ஒரு பாகத்தை மாட்டுவது, இடிக்கிறதா என்று பார்ப்பது, கழற்றுவது, அரம் போடுவது, மறுபடி மாட்டுவது. கிட் கார் வேலையில் முக்கால்வாசி இதுதான். இதில் எரிச்சல் வராதவர் கட்டி முடிப்பார். கை வேகம் உள்ளவர் ஆனால் பொறுமை இல்லாதவர் பாதியில் விற்றுவிடுவார்.

சேசியையே குழாய் வாங்கி நீங்களே வெல்டு செய்யும் வழியும் உண்டு. செவன் வகைக் கார்களுக்கு 25 மி.மீ. சதுரக் குழாய், சுமார் 1.6 மி.மீ. கனம் என்று அளவுகள் பரவலாகத் தெரிந்தவை. அது கிட் கார் அல்ல, இன்னொரு பெரிய வேலை. முதல் காருக்கு வேண்டாம்.

எந்தக் கிட்டைத் தேர்ந்தெடுப்பது?

ஏற்கெனவே நிறையப் பேர் கட்டி முடித்த கிட்டை எடுங்கள். அழகு, வேகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நிறையப் பேர் கட்டியிருந்தால் உங்களுக்கு வரப்போகும் சிக்கல் யாருக்கோ ஏற்கெனவே வந்திருக்கும், விடையும் இருக்கும். யாருமே கட்டாத, படத்தில் மட்டும் பளபளக்கும் கிட்டை வாங்கினால் நிறுவனத்தின் சோதனை ஓட்டத்துக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

பணம் கொடுக்கும் முன் முழுதாகக் கட்டிய ஒரு காரில் உட்கார்ந்து பாருங்கள். இது மிக முக்கியம். செவன் வகைக் கார்களில் பெடல் இருக்கும் பகுதி மிகக் குறுகல், அகலமான ஷூ போட்டால் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும். உயரமானவர் ரோல் பாருக்கு (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய் வளைவுக்கு) மேலே தலை நீட்டிக்கொண்டு இருப்பார். கோப்ரா எனும் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகல்களில் இடம் கொஞ்சம் தாராளம். ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரின் நகல் போன்ற, எஞ்சின் நடுவில் இருக்கும் கார்களில் ஏறி இறங்குவதே ஒரு உடற்பயிற்சி.

அப்புறம், பாகங்கள் ஒரே டோனர் காரிலிருந்து வருகிற மாதிரி வடிவமைத்த கிட் நல்லது. மாஸ்தா எம்எக்ஸ்-5, ஃபோர்டு மஸ்டாங், ஃபோர்டு சியெரா போன்றவற்றை அடிப்படையாக வைத்த கிட்டுகள் பல இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு காரிலிருந்து எஞ்சின், இன்னொன்றிலிருந்து ஸ்டீயரிங், மூன்றாவதிலிருந்து பிரேக் என்று போனால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு அடாப்டர் தேடி அலைய வேண்டும்.

வேறொருவர் பாதியில் விட்ட கிட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் மலிவு என்பது பெரும்பாலும் தோற்றம். என்னென்ன பாகம் இல்லை என்பது விற்பவருக்கே தெரியாது. அவர் எந்த போல்ட்டை முறுக்கினார், எதைக் கையால் மட்டும் மாட்டிவைத்தார் என்பதும் தெரியாது. அதனால் பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் மூன்றையும் முழுதாகக் கழற்றி மறுபடி பூட்டுவதாகவே கணக்குப் போடுங்கள். ரசீதுகளும் டோனர் காரின் பதிவுக் காகிதங்களும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

டோனர் காரை எப்படி வாங்குவது?

ஓடும் நிலையில் முழுக் காராக. ஓட்டிப் பார்த்து, கியர் விழுகிறதா, எஞ்சின் சூடானதும் ஆயில் பிரஷர் அளவுக்கு மீறிக் குறைகிறதா என்று தெரிந்த பிறகு. பாடி நெளிந்திருந்தாலும் துருப்பிடித்திருந்தாலும் கவலை இல்லை, நமக்கு அது வேண்டாம்.

கழற்றும்போது ஒவ்வொரு இடத்து போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, பையின் மேல் எழுதுங்கள். கழற்றும் முன் போட்டோ எடுங்கள், எடுத்த பிறகு இன்னொரு கோணத்தில் இன்னொன்று. வயரிங் ஹார்னஸை (வயர்களின் மொத்தத் தொகுப்பை) வெட்டாதீர்கள், கனெக்டரோடு முழுதாக உருவுங்கள். இது தேவைப்படாது என்று நினைக்கும் எதையும் கார் ரோட்டுக்கு வரும் வரை விற்காதீர்கள். ஒரு சின்ன கிளிப், சென்சாரின் பிராக்கெட் போன்றவைதான் பிறகு வேலையை நிறுத்தும்.

சட்டப்படி ரோட்டில் ஓட்ட முடியுமா?

நாட்டுக்கு நாடு மாறும், அதனால் சேசி வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பலர் கடைசியில் கேட்கிறார்கள்.

பிரிட்டனில் ஐ.வி.ஏ. எனும் தனி வாகன ஒப்புதல் சோதனை இருக்கிறது, 2009இல் வந்தது. அதற்கு முன்பு 1998 முதல் எஸ்.வி.ஏ. எனும் இதே போன்ற சோதனை இருந்தது. அங்கே சோதகர் கூர்மையான விளிம்புகளைப் பார்ப்பார். 100 மி.மீ. விட்டமுள்ள உருண்டை தொடக்கூடிய வெளிப்பகுதிகளில் விளிம்புகள் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். சஸ்பென்ஷன் போல்ட்டின் முனை, கண்ணாடியின் தண்டு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அதனால்தான் அங்கே கட்டுகிறவர்கள் பிளாஸ்டிக் மூடிகளும் ரப்பர் விளிம்புகளும் வாங்கிக் குவிக்கிறார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிபோர்னியா ஆண்டுக்கு 500 கார்களுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை தருகிறது, அதில் புகை விதிகளை காரின் உருவம் குறிக்கும் ஆண்டைக் கொண்டோ எஞ்சினின் ஆண்டைக் கொண்டோ தீர்மானிக்கலாம். நியூசிலாந்தில் சிறு எண்ணிக்கை வாகனங்களுக்கென்றே தனிச் சான்றிதழ் முறை உண்டு. ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலை அளவிலான மாதிரி ஒப்புதல் கேட்கும் நாடுகளில் பாதை மிகக் கடினம். அங்கே இதை டிராக்கில் ஓட்டும் காராகக் கட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

எங்கே இருந்தாலும் இரண்டு வேலைகளை இன்றே தொடங்குங்கள். எல்லா ரசீதையும் ஒரு கோப்பில் போடுங்கள். வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் நீங்களும் காரும் சேர்ந்து தெரியும்படி போட்டோ எடுங்கள். "இதை நீங்கள்தான் கட்டினீர்களா, இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது" என்று கேட்கும்போது வேறெதுவும் எடுபடாது.

எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு கார் நிறுத்தும் கராஜ் போதும், ஆனால் அதில் வேறெதுவும் இருக்கக் கூடாது. செவன் வகைக் கார் 3 மீட்டருக்குச் சற்று அதிக நீளம்தான். இடத்தைத் தின்பது கார் அல்ல, பாடி. சேசியில் வேலை நடக்கும் மாதங்களில் அந்த ஃபைபர் துண்டுகளை எங்கே வைப்பது? கூரையில் கயிறு கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. அதோடு டோனர் காரும் அதே நேரத்தில் இருக்கும். முடிந்தால் டோனரை முழுதாகக் கழற்றி, கூட்டை அனுப்பிய பிறகு கிட்டை வரவழையுங்கள்.

கராஜிலிருந்து கார் வெளியே வருமா என்று அளந்து பார்க்கச் சொன்னால் சிரிப்பார்கள். அளந்து பாருங்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

நல்ல சாக்கெட் செட், ஸ்பேனர்கள், டிரில், அரங்கள், ரிவெட் கன், மல்டிமீட்டர், ஆக்ஸில் ஸ்டாண்டு நான்கு. எஞ்சின் தூக்கும் கிரேனை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம்.

மூன்று பொருட்களில் கஞ்சத்தனம் வேண்டாம். போல்ட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச், வயர் முனைகளை நசுக்கும் ராட்செட் கிரிம்பர், பிரேக் பைப் முனையை விரிக்கும் ஃபிளேரிங் கருவி. மலிவான கிரிம்பர் பார்க்க நன்றாகத்தான் நசுக்கும். ஆறு மாதம் அதிர்ந்த பிறகு வயர் கையோடு வந்துவிடும்.

எவ்வளவு காலம் ஆகும்?

நிறுவனங்கள் சொல்லும் மணிக்கணக்கு, எல்லாப் பாகமும் கையில் இருந்து, எல்லாம் ஒரே தடவையில் பொருந்தினால் ஆகும் நேரம். புதிய பாகங்களோடு வரும் நல்ல கிட்டை அந்தக் கணக்குக்கு அருகே முடிக்கலாம். டோனர் பாகங்களைக் கழுவி, துரு நீக்கி, பெயிண்ட் அடித்துப் போடும் கிட்டுக்குச் சில நூறு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் மட்டும் வேலை செய்தால் அது ஆண்டுக்கணக்கில் போகும். வாரத்துக்கு ஒரு முழு நாள் என்பதைவிட தினமும் ஒரு மணி நேரம் என்பது நன்றாக நடக்கிறது. போன தடவை எங்கே விட்டோம் என்று யோசிப்பதிலேயே நேரம் போகாது.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

காரை இரண்டு தடவை கட்டுங்கள். கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் நேரத்தை மிச்சப்படுத்தும் வழியே இதுதான்.

முதல் தடவை பெயிண்ட் இல்லாமல், பழைய நட்டுகளைக் கையால் மட்டும் திருகி, எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், எஞ்சின், கியர்பாக்ஸ், எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், பெடல்கள், சீட், பாடி. எக்ஸாஸ்ட் ஸ்டீயரிங் தண்டை உரசுகிறதா? பானெட் மூடும்போது எஞ்சினின் மேல் இடிக்கிறதா? சக்கரத்தைக் கடைசி வரை திருப்பினால் பிரேக் ஹோஸ் டயரில் தேய்கிறதா? சஸ்பென்ஷனை முழுதாகத் தூக்கியும் இறக்கியும் பார்த்தீர்களா? துளை போட வேண்டிய எல்லா இடத்திலும் இப்போதே போடுங்கள். பிராக்கெட்டுகளை இப்போதே வெல்டு செய்ய வையுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் கழற்றி, சேசியைப் பவுடர் கோட்டிங்குக்கு (பொடியைச் சூட்டில் உருக்கிப் பூசும் பூச்சுக்கு) அனுப்பி, இரண்டாவது தடவை புதிய போல்ட்டும் சரியான முறுக்கமுமாகப் பூட்டுங்கள். பவுடர் கோட்டிங் முடிந்த சேசியில் துளை போட வேண்டி வரும்போது மனசு வலிக்கும், துருவும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். சேசி கோட்டிங் முடிந்தே வந்தால் முதல் சுற்றில் அதைத் துணி சுற்றி வையுங்கள். கீறல் விழாமல் போகாது, ஆனால் குறையும்.

இரண்டாவது சுற்றில் பொதுவான வரிசை: தரைத் தகடும் பக்கத் தகடுகளும், பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே துண்டாக, வயரிங், கூலிங், உள்பகுதி, பாடி. பைப்புகளை எஞ்சினுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு கை நுழையாது.

அலுமினியத் தகட்டை இரும்புச் சேசியில் நேரடியாக ரிவெட் அடிக்கலாமா?

கூடாது. இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். இடையில் பாலியூரிதேன் சீலன்ட் போடுங்கள். அது ஒட்டும் பசை, தண்ணீர்த் தடுப்பு, அதிர்வைக் குறைக்கும் மெத்தை மூன்றுமாக வேலை செய்யும். ரிவெட்டுகள் சுமார் 50 மி.மீ. இடைவெளியில் போனால் போதும். முதலில் இரண்டு முனை, பிறகு நடு, பிறகு மீதி என்று அடியுங்கள், ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டு போனால் தகடு கடைசியில் உப்பும். துளைகளின் பிசிறை இரு பக்கமும் எடுக்க மறக்காதீர்கள்.

போல்ட் விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

சஸ்பென்ஷனிலும் ஸ்டீயரிங்கிலும் தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் வலிமை எண் பொறித்த போல்ட் மட்டும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் பெரும்பாலும் விளக்கு, மட்கார்டு போன்ற இடங்களோடு நிறுத்துங்கள். 8.8 வகை எம்10 போல்ட்டுக்கு முறுக்கம் ஏறக்குறைய 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், ஆனால் கிட்டின் கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் சரி. நைலாக் நட்டுக்கு (உள்ளே நைலான் வளையம் கொண்ட, தளராத நட்) வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும். கழற்றிய நைலாக்கை மறுபடி போடாதீர்கள். சீட் பெல்ட்டுக்கு 7/16 இன்ச் யு.என்.எஃப். மரை கொண்ட அதற்கென்றே வரும் போல்ட் மட்டும்தான்.

முறுக்கி முடித்ததும் நட்டிலும் சேசியிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். கோடு இல்லாத நட் முறுக்காத நட். கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்திருக்கிறது. இவ்வளவு மலிவான பாதுகாப்பு வேறெதுவும் இல்லை.

பிரேக் வேலையை நானே செய்யலாமா?

செய்யலாம். அவசரப்படாமல், படித்துவிட்டு, செய்து முடித்ததை அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு.

4.75 மி.மீ. தாமிர-நிக்கல் பைப் வளைக்க எளிது, துருப்பிடிக்காது. முனையை விரிப்பதை முதலில் உதிரித் துண்டில் பழகுங்கள். அழகாக விரித்து முடித்த பிறகுதான் பைப்பை இணைக்கும் யூனியன் நட்டை உள்ளே போட மறந்தது தெரியவரும். இது எல்லோருக்கும் நடக்கிறது. பைப்பை 20, 30 செ.மீ.க்கு ஒரு கிளிப் போட்டுச் சேசியோடு பிடியுங்கள், டிரான்ஸ்மிஷன் டனலில் சுழலும் தண்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் தள்ளியே கொண்டுபோங்கள்.

பிரேக் லைனிலிருந்து காற்று எடுத்தாலும் எடுத்தாலும் பெடல் பஞ்சு போலவே இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் காலிப்பரை (சக்கரத்தில் பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகத்தை) பார்க்க வேண்டும். இடது காலிப்பர் வலதில் மாட்டியிருந்தால் காற்று எடுக்கும் நிப்பிள் கீழே இருக்கும். காற்று மேலேதானே நிற்கும், எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் வெளியே வராது.

பிரேக் ஆயிலில் டாட் 4 எனும் தர வகை போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் இழுத்த பிறகு 155 வரை இறங்கலாம். அதனால் திறந்து பல மாதமான டப்பாவைப் பயன்படுத்த வேண்டாம். டாட் 5 என்பது சிலிகான், அதை டாட் 4 உடன் கலக்கக் கூடாது. பெயிண்ட் மேல் டாட் 4 சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், துடைத்தால் மட்டும் போதாது.

இன்னொரு விஷயம் பலர் யோசிப்பதில்லை. டோனர் காரின் பிரேக்குகள் அந்தக் காரின் எடைக்கும் எடைப் பங்கீட்டுக்கும் அமைந்தவை. உங்கள் கார் 550 கிலோதான் இருக்கலாம், எடை பின்னால் அதிகம் சாய்ந்திருக்கலாம். அவசரமாக மிதித்தால் முன் சக்கரங்கள்தான் முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழலும். கிட் நிறுவனம் சொல்லும் மாஸ்டர் சிலிண்டர் அளவையும் பேட் வகையையும் மாற்றாதீர்கள்.

வயரிங் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

காகிதத்தில். ஒவ்வொரு சர்க்யூட்டையும் தனித்தனியாக வரையுங்கள்: பேட்டரி, ஃபியூஸ், ஸ்விட்ச், தேவைப்பட்டால் ரிலே (பெரிய மின்சாரத்தைச் சின்ன மின்சாரத்தால் இயக்கும் ஸ்விட்ச்), விளக்கு, எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி). மொத்தமாகப் பார்த்தால்தான் அது நூல்கண்டு. ஹாரன் சர்க்யூட் மட்டும் என்றால் நாலு கோடு.

ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. அதனால் வயர் தாங்கும் அளவைவிடக் குறைந்த ஃபியூஸ் போட வேண்டும், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே. 55 வாட் ஹெட்லைட் இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று அதிகம். மெல்லிய உறை கொண்ட கார் வயரில் 1 சதுர மி.மீ. சுமார் 16 ஆம்பியர் தாங்கும், 2 சதுர மி.மீ. 25. நீளம் அதிகமானால் வோல்டேஜ் குறையும், ஹெட்லைட்டுக்குப் பெரியதையே போடுங்கள்.

கிட் காரில் மின்சாரக் கோளாறு என்று வந்தால் பெரும்பாலும் எர்த்தான் காரணம். தொழிற்சாலைக் காரில் பாடி இரும்பு, விளக்கைத் திருகினாலே எர்த் கிடைத்துவிடும். ஃபைபர் பாடியில் மின்சாரம் போகாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும், பெட்ரோல் அளவு காட்டும் சென்சாருக்கும் தனி எர்த் வயர் சேசி வரை வர வேண்டும். அந்த இடத்தில் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி உலோகம் தெரிய வையுங்கள். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது என்றால் எர்த்தைத் தவிர வேறெங்கும் தேட வேண்டாம். எஞ்சினும் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கும், அதற்குச் சேசிக்கு ஒரு தடித்த எர்த் பட்டை கட்டாயம். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும், கேபிள் சூடாகிப் புகையும்.

ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, கிரிம்ப் செய்வதா? கிரிம்ப். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வில் ஒடியும். தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு வயருக்கும் துளையின் விளிம்பை மூடும் ரப்பர் குரோமெட் போடுங்கள். இரு முனையிலும் லேபிள். நாளை சுருட்டிக் கட்டிக்கொள்ளலாம், இன்று ஒரு கை நீளம் கூடுதலாக விடுங்கள்.

பெட்ரோல் லைனும் கூலிங்கும்?

ஃபியூயல் இஞ்செக்‌ஷன் என்றால் லைனில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும். கார்புரேட்டருக்கான ஹோஸும் கிளிப்பும் அதைத் தாங்காது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள். மோதினால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா ஸ்விட்ச் டோனர் காரில் இருந்தால் அதையே கொண்டுவந்து மாட்டுங்கள்.

கூலிங்கில் ஒரே விதி: கூலன்ட் டேங்க்தான் அமைப்பிலேயே மேலே இருக்க வேண்டும். தாழ்வான மூக்கு கொண்ட கிட் கார்களில் எஞ்சினின் தலை ரேடியேட்டரைவிட உயரத்தில் இருக்கும், காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கராஜில் எதற்குப் பயப்பட வேண்டும்?

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும், குழி இருந்தால் அதில் தேங்கும். அதனால் டேங்க் திறந்திருக்கும்போது கிரைண்டர், வெல்டிங், ஹீட்டர் எதுவும் வேண்டாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த உலோகத்தை வெல்டு செய்தால் பாஸ்ஜீன் எனும் நச்சு வாயு வரும், இது உயிர் போகும் விஷயம். மூடிய கராஜில் எஞ்சினை ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு. ஃபைபர் தேய்க்கும்போது சரியான முகமூடி, துணி கட்டிக்கொண்டால் போதாது.

ஃபைபர் பாடிக்குப் பெயிண்ட் தேவையா?

நிறம் கலந்த ஜெல்கோட் எனும் மேற்பூச்சோடு வந்தால் தேய்த்து மெருகேற்றினால் போதும். பெயிண்ட் அடிப்பதென்றால் அச்சிலிருந்து எடுக்கப் பூசிய மெழுகை முதலில் முழுதாக நீக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் மீன் கண் போலப் புள்ளி புள்ளியாக விலகும். கதவு இடைவெளிகளைச் சரிசெய்வதை பெயிண்டருக்கு விடாதீர்கள், அது உங்கள் வேலை.

மின்சார மோட்டார் போடலாமா?

போடுகிறார்கள். ஆனால் எடை கூடும், சேசி அதற்கு ஏற்றதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட டி.சி. மின்சாரம் வேறு உலகம், அதற்கான பயிற்சி இல்லாமல் கை வைக்க வேண்டாம். முதல் காருக்கு இது என் தேர்வு அல்ல.

செலவு கையை மீறாமல் இருக்க?

கிட்டின் விலை தொடக்கம்தான். டயர், பெயிண்ட், சோதனைக் கட்டணம், இன்சூரன்ஸ், ஆயில்கள், நூற்றுக்கணக்கில் போல்ட்டுகள் எதுவும் விலைப்பட்டியலில் இருக்காது. இன்சூரன்ஸை ஒப்புக்கொண்ட மதிப்பு முறையில் (காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிக்கும் முறையில்) எடுங்கள், இல்லையேல் விபத்து நடந்தால் உங்கள் காரை யாரும் சரியாக மதிப்பிட மாட்டார்கள்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது?

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்பைத் துண்டித்து, ஆயில் பிரஷர் காட்டும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள், இடையிடையே அதைக் குளிர விடுங்கள். பிறகு பம்பை மட்டும் ஓடவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகக் கசிவு பாருங்கள். தீயணைப்பான் ஒருவர் கையில் இருக்கட்டும். அதற்கப்புறம்தான் சாவி.

வீல் அலைன்மென்ட்டை வீட்டிலேயே செய்யலாமா?

காரின் இரு பக்கமும் நூல் இழுத்து, நூலிலிருந்து சக்கரத்தின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியாக அளந்தால் டோ (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு) தெரிந்துவிடும். பட்டறை வரை ஓட்டிப் போக அது போதும். அளக்கும்போது சீட்டில் ஓட்டுநர் எடைக்கு மணல் மூட்டை வையுங்கள். 550 கிலோ காரில் 80 கிலோ மனிதர் உட்கார்ந்தால் எல்லா அளவும் மாறும்.

முதல் ஓட்டம் எப்படி இருக்க வேண்டும்?

பொதுச் சாலை அல்லாத இடத்தில், மெதுவாக, சிறிது தூரம். முதலில் பிரேக் மட்டும்: நடை வேகத்தில், பிறகு கொஞ்சம் கூட்டி. கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுப்பகுதியையும் கையால் நெருங்கிப் பாருங்கள், ஒன்று மட்டும் அதிகச் சூடு என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு கார் அடியில் கசிவு, போல்ட்டுகளில் பெயிண்ட் கோடு. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளையும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி ஒருமுறை பாருங்கள். சில புதிய ரப்பர் புஷ்கள் அமர்ந்திருக்கும், ஒன்றிரண்டு கோடுகள் விலகியிருக்கும். அவற்றை முறுக்கிவிட்டு, கோட்டை அழித்து வேறு நிறத்தில் போடுங்கள்.